சேவல் காசு பிறந்த கதை

இன்றைய சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி 1970களுக்கு முன் சீஃபீல்டு ரப்பர் தோட்டம். நம்மவர்கள் பால்மரம் சீவிய மண். அந்த ஊர் அமைந்துள்ள சிலாங்கூரின் பெயர், ரப்பர் மலேசியாவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு செப்புக் காசில் ஏறிவிட்டது. மலாய் மொழியின் ஜாவி எழுத்தில் ‘நெகிரி சிலாங்கூர்’, ஹிஜ்ரி 1251, அதாவது 1835. அப்போது சிலாங்கூரை ஆண்டவர் சுல்தான் முகமது ஷா. ஆனால் காசை அடிக்கச் சொன்னவர் அவர் அல்லர். சொன்னவர்கள் சிங்கப்பூர் வணிகர்கள். அடித்துக் கொடுத்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்.

அதற்குக் காரணம் சில்லறைப் பஞ்சம். 1819-இல் சிங்கப்பூர்த் துறைமுகம் தொடங்கியபின் பெரிய வியாபாரமெல்லாம் ஸ்பானிய வெள்ளி நாணயத்தில் நடந்தது. கட்டுக் கீரையும் கைப்பிடி உப்பும் வாங்குகிறவருக்கு அது உதவாது. கிழக்கிந்தியக் கம்பெனி போதிய செப்புக் காசு அனுப்பவில்லை. சுமத்ராவிலிருந்த தன் குடியேற்றத்துக்காகக் கம்பெனி 1804 என்று பொறித்த ‘கெப்பிங்’ காசுகளை முன்பே அடித்திருந்தது. நானூறு கெப்பிங் ஒரு ஸ்பானிய வெள்ளி. மக்களுக்குப் பழகிய காசு அது. வணிகர்கள் 1820களின் இறுதியில் அதையே, பழைய ஆண்டோடு, புதிதாக அடித்து இறக்கினார்கள். டச்சுக்காரர்களின் ‘டுயிட்’ காசுக்கும் இப்படியே நகல்கள் வந்தன. தங்கள் தீவுகளில் அவை புழங்குவதை டச்சு அரசு பொறுக்கவில்லை.

அதனால் எந்த அரசுக்கும் சொந்தமில்லாத ஒரு முத்திரை தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் சேவல். ஒரு பக்கம் சேவலும் ‘தானா மெலாயு’ (மலாய் நாடு) என்ற சொற்களும். மறுபக்கம் ‘சத்து கெப்பிங்’ (ஒரு கெப்பிங்), 1247. அந்த ஹிஜ்ரி ஆண்டு தொடங்கியது 1831 ஜூனில். மலாய்க்காரர்கள் இதை ‘டுயிட் ஆயாம்’, அதாவது கோழிக் காசு, என்றார்கள். நம் கண்ணுக்கு முருகன் கொடிச் சேவலாகத் தோன்றும். அந்தத் தொடர்பு இதற்கு இல்லை. பேராக், சியாக், மினாங்கபாவ், அச்சேயின் த்ருமோன், புகிஸ் மக்களின் நாடு என்று சரக்கு போகும் இடங்களின் பெயர்களும் வேறு காசுகளில் ஏறின. செம்பின் விலைக்கும் காசின் மதிப்புக்கும் இடையிலிருந்த லாபம் வணிகருக்கு. ஆனாலும் ஆற்றங்கரைச் சந்தையில் மீதிச் சில்லறை கொடுக்க ஒரு வழி பிறந்ததே, அது சிறிய காரியமல்ல.

இதே காலத்தில் சுவிட்சர்லாந்திலும் ஊருக்கு ஊர் சில்லறை வேறு. 1803-க்குப் பின் கான்டன் எனப்படும் அதன் மாநிலங்கள் தனித்தனியாக பாட்சென், ராப்பென் போன்ற காசுகளை அடித்தன. 1848-இல் வந்த கூட்டாட்சி அரசமைப்பு அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. அங்கே காசில் இருந்த பெயருக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. இங்கே பெயர் மட்டும்தான் அந்த நாட்டுடையது. எனக்குக் கெப்பிங்கின் மேல் இருக்கும் பிடிப்புக்கு அதுவே காரணம்: அரசன் ஆணை இல்லாமல், வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒப்புக்கொண்டதாலேயே அது பணமானது.

1845 என்று பொறித்து, விக்டோரியா ராணியின் தலையோடு ஒரு சென், அரை சென், கால் சென் காசுகளைக் கம்பெனி கொண்டுவந்த பிறகு, சேவலுக்கு மெல்ல இடம் குறைந்தது.

சேகரிக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. காசில் உள்ள ஆண்டை நம்பி அது அடிக்கப்பட்ட காலத்தைச் சொல்ல முடியாது. 1247 என்ற அதே எண்ணைப் பல ஆண்டுகள் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். சேவலின் வாலையும், காலடியில் புல் இருக்கிறதா என்பதையும் வைத்துத்தான் வகை பிரிக்க வேண்டும். ஜாவியில் நாலைந்து ஊர்ப் பெயர்களையாவது வாசிக்கப் பழகுங்கள். செப்புக் குடத்தைத் துலக்குவதுபோல் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கருமை போனால் காசின் மதிப்பும் போய்விடும்.