தீட்டுக்கல்: சவரக்கத்தியின் வரலாற்றில் நம் பங்கு



நினைவுச் சொற்பொழிவில் நிலம், அதிகாரம், இடஒதுக்கீடு என்று பெரிய பொருளை எடுத்துப் பேசுவது வழக்கம். இன்று நாம் கைக்கு அடக்கமான மூன்று பொருள்களைப் பற்றிப் பேசப்போகிறோம்: ஒரு சவரக்கத்தி, அதைத் தீட்டும் கல், அதைப் பதப்படுத்தும் தோல்வார். மூன்றும் நாவிதரின் அடைப்பத்துக்குள் கிடந்தவை. அந்த அடைப்பம் சேரிக்குள் வராது. ஏன் வராது என்ற கேள்வியைவிட, வராதபோது நம் மக்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியே நமக்கு முக்கியமாகப் படுகிறது.

அண்ணல் அம்பேத்கர் தாம் சந்தித்த தீண்டாமைகளை ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று எழுதிவைத்தார். 1990-இல்தான் அது தனி நூலாக வந்தது. 1901-ஆம் ஆண்டுப் பயணத்தில் மாட்டுவண்டியில் தண்ணீருக்குத் தவித்த சிறுவர்களை நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே பகுதியில் வேறொரு செய்தியும் இருக்கிறது. சாத்தாராவில் நாவிதர்கள் இருந்தார்கள். கொடுக்க இவர்கள் வீட்டில் காசும் இருந்தது. ஆனால் தீண்டப்படாதவருக்குச் சிரைக்க யாரும் இசையமாட்டார்கள். எனவே வீட்டுப் பிள்ளைகளுக்கு முடிவெட்டியதும் சிரைத்ததும் அவருடைய அக்காதான். செய்து செய்தே தேர்ந்த கைகாரி ஆகிவிட்டார் என்கிறார் அம்பேத்கர்.

இந்த அக்காவைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை. மறுக்கப்பட்ட தொழில் ஒன்றை ஒரு பெண் வீட்டுத் திண்ணையில் கற்றுக்கொண்டார். மறுப்பு நம்மை முடங்கவைத்தது என்று மட்டும் எழுதப்படும் வரலாற்றில் இவருக்கு இடமில்லாமல் போகிறது. அவர் கற்றது எவ்வளவு கடினமான வேலை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சவரம் கற்பவர் முதலில் கற்பது கத்தி தீட்ட. மழுங்கிய கத்தி மயிரை வெட்டாது, இழுக்கும். இழுத்த இடத்தில் தோல் கிழியும். சவரக்கத்தியின் முதுகு தடித்தது, வாய் மெல்லியது. கல்லின் மேல் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடவேண்டும். தீட்ட வேண்டிய சாய்வை அந்த முதுகே காட்டிக்கொடுக்கும். கையைச் சற்றுத் தூக்கினாலும் வாய் கெட்டது. கல்லில் தண்ணீரோ எண்ணெயோ விட்டு, வாய் முன்னே போகும்படி தள்ளவேண்டும். கோடியில் கத்தியைப் புரட்டும்போது முதுகின் மேல்தான் புரட்டவேண்டும். புதிதாகக் கற்கிற பையன்கள் அவசரத்தில் வாயின் மேல் புரட்டிவிடுவார்கள். அதுவரை தீட்டியது அத்தனையும் அந்த ஒரு புரட்டலில் வீணாகும்.

அழுத்தினால் சீக்கிரம் கூர் ஏறும் என்று தோன்றும். அழுத்தினால் வருவது பிசிர். விரலுக்குக் கூர் போலத் தெரியும், முகத்தில் வைத்தால் ஒடிந்து தோலைக் கீறும். கடைசித் தீட்டல்களில் கத்தியின் எடை மட்டுமே கல்லில் விழவேண்டும். தொழிற்சாலைக் கல்லில் அதன் நயத்தைக் காட்டும் எண் இருக்கும். பூமியிலிருந்து எடுத்த கல்லில் அப்படி எதுவும் இல்லை. ஒரு கல் வேகமாகத் தின்னும், இன்னொன்று மெல்லத் தடவும். ஒரே கல்லில்கூட ஒரு மூலை கரகரப்பாக இருக்கும். தேயத் தேய ஊறிவரும் மெல்லிய சேற்றைப் பார்த்தும், ஓசையைக் கேட்டும்தான் கல்லைப் புரிந்துகொள்ள முடியும். வாயால் சொல்லித்தர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துத்தான் பழக்கமுடியும்.

இந்த அறிவு ஏட்டிலும் ஏறியிருக்கிறது. அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை, கருவிகளைத் தீட்ட உளுந்து நிறத்தில் வழவழப்பான கல் வேண்டும் என்கிறது. கூர் நிற்க இலவ மரப் பலகை வேண்டும் என்கிறது. மயிரை அறுக்கும் பதம் வந்த பிறகே உடலில் வைக்கவேண்டுமாம். நாவிதர் தம் முன்னங்கையில் செய்து பார்க்கும் சோதனையும் இதுதான். அதே நூல், சூத்திரருக்குக் கற்பிப்பதானால் மந்திரத்தை விட்டுவிட்டுக் கற்பிக்கலாம் என்று சிலர் கருதுவதாகவும் சொல்கிறது. சூத்திரருக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்கள் அந்தப் பேச்சிலேயே இல்லை. வைத்தியர் தரும் சோற்றை உண்ணாதே என்கிறது மனு. உடலைத் தொடுகிற அறிவைப் பயன்படுத்திக்கொள்வார்கள், அதை வைத்திருப்பவரைத் தள்ளிவைப்பார்கள்.

தமிழ்நாட்டு நாவிதர்களும் அப்படித் தள்ளிவைக்கப்பட்டவர்களே. மருத்துவர் என்ற பெயர் அவர்களுக்குச் சும்மா வரவில்லை. கட்டி அறுத்தார்கள், புண்ணுக்கு மருந்திட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். ஆனாலும் ஆண்டை வீட்டுக்குக் கொல்லைப்புற வழிதான். காலையில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்ற வசை வேறு. கூலி, களத்தில் அளந்து போடும் நெல். சேரி ஆளுக்குச் சிரைத்த கத்தி நம் முகத்துக்கு வேண்டாம் என்று ஊர் சொன்னால் அந்த நெல் நின்றுபோகும். அவர்கள் மறுத்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. மறுப்பின் கயிறு யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பதிகிறோம். நாவிதர்கள் தாங்களாகவே மறுத்த வரலாறும் உண்டு. 1890-இல் பம்பாயில், ஜோதிராவ் புலேயின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே முன்னின்று நடத்த, விதவைகளின் தலையை மழிக்கமாட்டோம் என்று நாவிதர்கள் திரண்டார்கள். கத்தி கைக்காரனின் பேச்சைக் கேட்ட நாள் அது.

இனி, தோல்வார். கல்லில் தீட்டியதோடு கத்தி முகத்துக்குப் போகாது. வாரை இழுத்துப் பிடித்து, இம்முறை முதுகு முன்னே போகும்படி மாற்றி மாற்றி இழுக்கவேண்டும். கல் விட்ட நுண்ணிய பிசிரைத் தோல்தான் நேராக்கும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் இது நடக்கும். அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? செத்த மாட்டைச் சுமந்து, தோலை உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்தியவர்கள் யார்? அருந்ததியரும் பறையரும் தோய்ந்து செய்த வேலை அது. சேரி ஆளின் கன்னத்தைத் தொட்டால் கத்திக்குத் தீட்டு. சேரி ஆள் பதனிட்ட தோலில் நாள்முழுதும் புரண்ட கத்தி ஆண்டையின் கழுத்தில் ஏறினால் தீட்டில்லை. கூராக்குவதற்கும் தமிழில் தீட்டு என்றே பெயர். ‘தீண்டு’ என்பதிலிருந்து வந்த தீட்டு வேறு என்று சொல்லாராய்ச்சி சொல்லட்டும். அந்த வாரின் மேல் இரண்டும் ஒரே இடத்தில்தான் கிடந்தன.

சேரிகளில் சவரத்துக்குத் தனி ஆட்கள் உருவானார்கள். சில பகுதிகளில் நம் துணியை வெளுத்த புதிரை வண்ணாரே அதையும் செய்தார்கள். நமக்குள்ளும் கீழே ஒருவரை வைத்து அவர் கையில் கத்தியைக் கொடுத்தோம் என்பதை இந்த மேடையில் மறைக்க முடியாது. அவர்கள் தீட்டக் கற்ற கதை நம் தன்வரலாறுகளில்கூட அரிதாகவே வருகிறது.

1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 6-ஆம் பிரிவில், தீண்டாமையின் பேரால் சேவையை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. பிறகு சலூன்களில் பாதியாக ஒடித்துச் செருகும் பிளேடு வந்தது. ஆளுக்கொரு பிளேடு, முடிந்ததும் குப்பை. ‘அதே கத்தியா’ என்று கேட்க இடமில்லாமல் போனது. மறுப்பு மட்டும் அப்படியே நாற்காலிக்கு மாறிக்கொண்டது: ‘இன்றைக்குக் கடை லீவு’, ‘ஆள் வரவில்லை’, ‘டவுனுக்குப் போய்க்கோ’.

பிளேடு வந்ததும் தீட்டுக்கல்லுக்கு வேலை போயிற்று. பல வீடுகளில் அது அம்மிக்குப் பக்கத்தில், நடுவே குழிந்து, கறிக்கத்தி தேய்க்கக் கிடக்கிறது. வாய்மொழி வரலாறு தொகுக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சேரியில் சிரைத்த முதியவர்கள் இருந்தால் அவர்களோடு உட்காருங்கள். கல் எந்த ஆற்றில், எந்த மலையில் எடுத்தது என்று கேளுங்கள். வார் யார் கொடுத்தது, முதன்முதலில் யார் தலையில் கைவைத்துப் பழகினார்கள், வீட்டுப் பெண்களில் யாருக்காவது தீட்டத் தெரிந்திருந்ததா என்றும் கேளுங்கள். முடிந்தால், கல்லை அவர்கள் கையில் கொடுத்து ஒருமுறை தீட்டிக்காட்டச் சொல்லுங்கள்.