ஒரு சமனிலியும் மூன்று பெயர்களும்

பல்கலைக்கழகத்திலே நுண்கணிதம் பயிலத் தொடங்குவோர் விரைவில் எதிர்ப்படும் சமனிலி ஒன்று உளது. ஓர் ஆயிடையிலே தொடர்ச்சியான இரு சார்புகளை எடுத்துக்கொள்க. அவற்றின் பெருக்கத்தைத் தொகையிட்டு, வந்த பேற்றை வர்க்கித்தால் வருவது, அவ்விரு சார்புகளின் வர்க்கங்களையும் தனித்தனியே தொகையிட்டுப் பெருக்க வருவதை ஒருபோதும் விஞ்சாது என்பதே அது. பூச்சியத்திலிருந்து ஒன்றுவரையுள்ள ஆயிடையிலே, மாறியையே ஒரு சார்பாகவும் ஒன்று என்னும் மாறிலியை மற்றதாகவும் கொண்டால், முன்னையது 1/4, பின்னையது 1/3.

ஆங்கில நூல்கள் இதனைக் கோசி–ஷ்வார்ட்ஸ் சமனிலி என்கின்றன. இரசிய நூல்கள் கோசி–புனியக்கொவ்ஸ்கி சமனிலி என்கின்றன. ஆண்டுகளை மாத்திரம் ஒப்பிட்டு நோக்குவோர், ஷ்வார்ட்ஸ் பிறர் தேட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார் போலும் என எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

பிரான்சு நாட்டுக் கோசி 1821 ஆம் ஆண்டிலே தமது பகுப்பியற் பாடநூலை வெளியிட்டார். அதன் பிற்சேர்க்கையொன்றிலே, எண்ணிறந்தன அல்லாத, வரையறுத்த தொகையான எண்களுக்கு இச்சமனிலியை அவர் நிறுவினார். இருபுறத்துக்குமுள்ள வித்தியாசம் சில வர்க்கங்களின் கூட்டுத்தொகை எனக் காட்டியமையே அவர் கையாண்ட வழி, வர்க்கம் மறையாகாதன்றோ! ஈராண்டு கழித்து, 1823 இல், தொடர்ச்சியான சார்பின் தொகையீட்டைக் கூட்டுத்தொகைகளின் எல்லையாக வரையறுத்தவரும் அவரே. அவ்வரையறையிலே மறைந்துகிடந்த சீரான தொடர்ச்சி என்னும் நுட்பம் வெளிப்படையாகத் தேற்ற வடிவம் பெறுதற்கு ஹைனேயின் 1872 ஆம் ஆண்டுக் கட்டுரைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்பது வேறு கதை.

விக்தர் புனியக்கொவ்ஸ்கி 1804 இல், இன்று உக்ரேன் நாட்டிலுள்ள பார் என்னும் ஊரிற் பிறந்தவர். பாரிசு சென்று கோசியிடம் பயின்று 1825 இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1859 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழக வெளியீட்டிலே, தொகையீடுகள் பற்றிய சில சமனிலிகள் குறித்துப் பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய கட்டுரையிலே நமது சமனிலி தொகையீட்டு வடிவில் அச்சேறியது. ஆனால் அதனை ஒரு பெருங் கண்டுபிடிப்பாக அவர் முழங்கினாரல்லர். கோசியின் சமனிலி யாவரும் அறிந்தது; கூட்டுத்தொகையிலிருந்து எல்லைக்குச் செல்லுதலும் யாவரும் அறிந்தது; ஆகவே தனி நிறுவல் வேண்டா என்பது அவர் கருத்து.

அக்கருத்திலே பிழையில்லை, குறைவு உண்டு. கூட்டுத்தொகைகளுக்கிடையே ‘சிறிது’ என்னும் உறவு உறுதியாக நின்றபோதிலும், எல்லையிலே அது ‘சிறிது அல்லது சமன்’ எனத் தளர்ந்துவிடும். 1/2, 1/3, 1/4 என இறங்கிச்செல்லும் எண்களுள் ஒவ்வொன்றும் பூச்சியத்திற் பெரிதே. அவற்றின் எல்லையோ பூச்சியம். ஆதலால் எல்லை வழியே சென்றவர் சமனிலியைப் பெறுவர். சமன் எப்பொழுது நிகழும் என்னும் வினாவுக்கு அவ்வழியால் மாத்திரம் விடை பெறார். மாணவர் பலர் இக்குறியின் கீழுள்ள சிறு கோட்டை அலங்காரம் என்றே கருதி எழுதுகின்றனர். அக்கோட்டிலேதான் இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கின்றது.

ஹேர்மன் ஷ்வார்ட்ஸ் அவ்விடத்துக்கு வேறொரு திசையிலிருந்து வந்தார். வளைந்த கம்பிச் சட்டமொன்றைச் சவர்க்கார நீரில் தோய்த்தெடுத்தால் அதிலே ஒரு மென்படலம் நிற்கும். அத்தகைய மேற்பரப்பு, அதே விளிம்பைக் கொண்ட அயல் மேற்பரப்புகள் எல்லாவற்றிலும் பரப்பிற் சிறியதுதானா? இவ்வினாவை ஆராய்ந்து, தம் ஆசிரியர் வயர்ஸ்திராசு அவர்களின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி 1885 இல் அவர் எழுதிய கட்டுரையிலே, இரட்டைத் தொகையீடுகளுக்கு இச்சமனிலி வேண்டப்பட்டது. அதுமட்டுமன்று; இரு சார்புகளும் விகிதசமமாய் இருந்தாலன்றிச் சமன் நிகழாது என்பதும் அவருக்கு இன்றியமையாததாயிற்று. புனியக்கொவ்ஸ்கியின் கட்டுரையை அவர் கண்டிருந்தார் எனக் கொள்ள ஆதாரம் இல்லை. கண்டிருந்தாலும் அதனால் அவர் தேவை நிறைவேறியிராது.

ஷ்வார்ட்சின் நிறுவல் சுருக்கமானது. முதற் சார்பை யாதாயினும் ஓர் எண்ணாற் பெருக்கி, இரண்டாஞ் சார்புடன் கூட்டி, வர்க்கித்துத் தொகையிடுக. வர்க்கத்தின் தொகையீடு மறையாகாது. பெறுவது அவ்வெண்ணிலே அமைந்த ஓர் இருபடிக் கோவை. அது ஒருபோதும் மறையாகாதாயின், நடுக் குணகத்தின் பாதியின் வர்க்கம் ஏனைய இரண்டின் பெருக்கத்தை விஞ்சலாகாது. சமனிலி பெறப்பட்டது. இங்கே கூட்டுத்தொகையுமில்லை, எல்லைக்குச் செல்லும் பயணமுமில்லை.

இனிச் சமன் நிகழ்ந்ததென்க. முதற் சார்பு எங்கும் பூச்சியமானதன்று எனவும் கொள்க. அப்பொழுது ஏதோ ஓர் எண்ணுக்கு அவ்விருபடிக் கோவை பூச்சியமாகும். அஃதாவது ஒரு வர்க்கத்தின் தொகையீடு பூச்சியமாகும். தொடர்ச்சி என்னும் நிபந்தனை தன் வேலையைச் செய்வது இவ்விடத்திலேயே. அவ்வர்க்கம் ஒரு புள்ளியிலாயினும் நேர்ப்பெறுமானம் உடையதாயின், தொடர்ச்சியின் காரணமாக அப்புள்ளியை அடுத்த ஒரு சிற்றாயிடை முழுவதிலும் அப்பெறுமானத்தின் பாதிக்குக் குறையாது நிற்கும். அச்சிற்றாயிடையின் நீளத்தை அப்பாதியாற் பெருக்க வரும் பரப்பு தொகையீட்டில் அடங்கியிருத்தலால், தொகையீடு பூச்சியமாதல் இயலாது. ஆகவே அவ்வர்க்கம் எங்கும் பூச்சியமே. இரு சார்புகளும் விகிதசமமே. தொடர்ச்சி இல்லையெனின் இம்முடிபு நில்லாது. ஒரு புள்ளியில் மாத்திரம் ஒன்றாயும் ஏனைய இடமெல்லாம் பூச்சியமாயுமுள்ள சார்பின் தொகையீடு பூச்சியமே. சார்போ முற்றாகப் பூச்சியமன்று.

ஆகவே ஷ்வார்ட்ஸ் கவர்ந்துகொண்டார் என்பது பொருந்தாது. முதலிற் கூறியவர் புனியக்கொவ்ஸ்கி; கூர்மையாக்கி நிறுவியவர் ஷ்வார்ட்ஸ். இரசியர் தம்மவர் பெயரைப் பேணுதல் நியாயமே. ஏனையோர் அப்பெயரை விட்டுவிடுதலுக்குத்தான் நியாயம் காண்டல் அரிது.

இதே துறையில் இதனினும் விந்தையான செய்தி ஒன்று உண்டு. இச்சமனிலியைப் பொதுமைப்படுத்தி, வர்க்கத்துக்குப் பதிலாகப் பிற அடுக்குகளையும் கொள்ளும் சமனிலியை ஹோல்டர் சமனிலி என்பர். ஹோல்டரின் கட்டுரை வெளிவந்தது 1889 இல். அதற்கு முந்திய ஆண்டே ஆங்கிலேயரான றொஜேர்ஸ் அதனைக் கண்டு வெளியிட்டிருந்தார். ஹோல்டரும் அதை மறைத்தாரல்லர். இந்த றொஜேர்ஸ் 1894 இல் வெளியிட்ட வேறு இரு சர்வசமன்பாடுகளும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றைத் தாமாகவே கண்டிருந்த கும்பகோணத்து இராமானுசன், 1917 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் பழைய வெளியீடுகளைப் புரட்டியபோது றொஜேர்சின் கட்டுரை அவர் கண்ணிற் பட்டது. அவை இன்று இருவர் பெயராலும் வழங்குகின்றன. றொஜேர்ஸ் 1924 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரியப்பட்டார். அவர் 1888 இற் கண்ட சமனிலியோ இன்றும் ஹோல்டரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.