குழாயடிச் சண்டையும் கோட்டையும்

 

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "அரசாங்கம்னா அப்பா மாதிரிங்க. பிள்ளை எதைப் படிக்கணும்னு அப்பாதானே சொல்லணும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். நான் ஒரு பழைய வழக்கைச் சொல்றேன்.

1950 ஜனவரி 26-இல் நம் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. மார்ச் 1-ஆம் தேதி மதராஸ் அரசு ஓர் உத்தரவு போடுகிறது. பம்பாயிலிருந்து வருகிற 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இங்கிலீஷ் வாரப் பத்திரிகை இந்த மாநிலத்துக்குள்ளேயே வரக் கூடாது! எண்ணிப் பாருங்க, 34 நாள்தான். புது மருமகளுக்குக்கூட நாம மூணு மாசம் தவணை கொடுப்போம். (சிரிப்பு)

அரசுக்கும் பயம் இருந்தது, நான் மறைக்கலை. கம்யூனிஸ்ட் கட்சிக்கு இங்கே தடை இருந்த காலம். அந்தப் பிப்ரவரி 11-இல்தான் சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கைதிகள் செத்துப் போனார்கள். அரசின் கையில் 1949-ஆம் வருஷத்துப் பொது அமைதிச் சட்டம் இருந்தது. அதை எடுத்து வீசிவிட்டார்கள்.

பத்திரிகையின் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட் படியேறினார். "முதல்ல மதராஸ் ஹைகோர்ட்டுக்கல்லவா போகணும்?" என்று அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. கோர்ட் ஏற்கவில்லை. அடிப்படை உரிமை பறிபோனால் நேரே இங்கே வருவதே ஓர் அடிப்படை உரிமை, 32-ஆவது ஷரத்து அப்படித்தான் சொல்லுது என்றார்கள்.

மே 26-இல் தீர்ப்பு. எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. மதராஸிலேயே வக்கீலாக இருந்தவர். வெளியூர்க்காரருக்கு நம்ம ஊர்க் கஷ்டம் என்ன தெரியும்னு யாரும் சொல்லிவிட முடியாது, பாருங்க!

அவர் பார்த்த கணக்கு நம்ம தெருக் கணக்குதான். அன்றைய அரசியல் சட்டப்படி, அவதூறு, ஆபாசம், கோர்ட் அவமதிப்பு போக, அரசின் பாதுகாப்பையே குலைக்கிற பேச்சைத்தான் தடுக்கலாம். மதராஸ் சட்டமோ 'பொது அமைதி' என்று அகலமாக வலை விரித்தது. குழாயடியில் ரெண்டு பேர் குடத்தைத் தூக்கினால் அதுவும் பொது அமைதிக்குக் கேடுதான். அதுக்காக ஜார்ஜ் கோட்டை இடிஞ்சிடுமா? (கைதட்டல்) இத்தனை அகலமான பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆறு நீதிபதிகளில் ஃபசல் அலி ஒருவர் மட்டும் மாறுபட்டார். பெரிய கலவரம் வந்தால் அரசின் பாதுகாப்பும்தானே ஆட்டம் காணும் என்பது அவர் வாதம். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை அது.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். தெரியும்! 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்து, 'பொது அமைதி'யும் அரசியல் சட்டத்துக்குள்ளே ஏறிவிட்டது. ஆனா அதே திருத்தத்தில் இன்னொரு சொல்லும் ஏறியது. கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்கணும். நியாயமா இல்லையான்னு யார் பார்ப்பது? தடை போட்ட அரசா? இல்லை, கோர்ட். அந்தச் சொல் இன்னைக்கும் 19-ஆவது ஷரத்தில் இருக்கு.

அப்பா போட்ட தடையைப் பிள்ளை கோர்ட்டில் கேட்கலாம் என்றால், அது எந்த வீட்டு அப்பா? அந்தச் சகோதரியோட அணிதான் பதில் சொல்லணும்.