பாம் பைலட்: வேகமும் மறதியும்

1996-ல வந்த பைலட் 1000-ஐ எடுத்துக்கோங்க. பாம் பைலட் வரிசையில முதல் ஆள். 16 மெகாஹெர்ட்ஸ் சிப், 128 கேபி ராம், ரெண்டு சின்ன பேட்டரி. இன்னைக்கு நாம எடுக்கிற ஒரு செல்ஃபிகூட அதுல அடங்காது. ஆனா பட்டனைத் தொட்டா காலண்டர் உடனே வந்து நிக்கும்.

எப்படின்னா, செயலியை எங்கிருந்தோ எடுத்துட்டு வந்து 'லோட்' பண்ற வேலையே அதுல கிடையாது. முகவரி, குறிப்பு எல்லாம் ராம்லயே குடியிருந்தது. எழுதினதைத் தனியா சேவ் பண்ணவும் வேண்டாம்.

சிக்கலும் அங்கேயேதான். பேட்டரி முழுசா தீர்ந்தா ராம் எல்லாத்தையும் மறந்துடும். கம்ப்யூட்டரோட ஹாட்சிங்க் பண்ணி வச்சிருந்தா தப்பிச்சீங்க.

2004-ல ட்ரியோ 650 ஃபோன்ல இதைச் சரிசெய்தார்கள். தகவல் ஃப்ளாஷ் மெமரிக்குப் போனது. பேட்டரி செத்தாலும் பத்திரம். பதிலுக்கு, ஃப்ளாஷிலிருந்து ராமுக்குக் கொண்டுவர நேரம் பிடிச்சது. என்னைக் கேட்டா நியாயமான பேரம்தான். ஆனா குட்டிக் குறிப்புக்கும் 512 பைட் ஒதுக்கினதால, பழைய கருவியில அடங்கின தகவல் புதுசுல அடங்காம போச்சு. கடைசியில பாம்ஒன் நிறுவனம் இலவசமா மெமரி கார்டு கொடுக்க வேண்டியதாச்சு.