பயிற்சியும் பதிவேடும்: கடல்கடந்த தாதியர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் ஒரு கூறாக வைத்தார். ஆயினும் மருத்துவ வரலாறு எழுதப்படும்பொழுது இந்நான்காவது கூறே பெரிதும் புறக்கணிக்கப்படுகின்றது. வைத்தியர்களின் பெயர்கள் நினைவுக் கற்களில் நிலைக்க, தாதியரின் பெயர்கள் பதிவேடுகளோடு நின்றுவிடுகின்றன. அப்பதிவேடுகளே இக்கட்டுரையின் பொருளாகும். ஒரு நாட்டிலே பயின்ற தாதி பிறிதொரு நாட்டிலே பணி தொடங்கும்பொழுது அவளது பயிற்சியை மதிப்பிடுபவர் யார், அம்மதிப்பீட்டின் விலையைச் செலுத்துபவர் யார் என்னும் இரு வினாக்களையும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை மனத்திற்கொண்டு ஈண்டு நோக்குவோம்.

முதலில் இப்பிரதேசத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி இந்நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரு கூறாக்குகின்றது. நகரமும் பெரிய பாடசாலைகளும் பெரியாசுபத்திரியும் கடலையண்டிய எழுவான்கரைப் பக்கம் அமைந்தன. வயலும் காடும் குளமும் சூழ்ந்த ஊர்கள் படுவான்கரையிலே பரந்து கிடந்தன. நோயாளியைத் தோணியிலோ, ‘பாதை’ என மக்கள் வழங்கும் மிதவைப் படகிலோ ஏற்றி வாவியைக் கடத்துதல் நெடுங்காலம் இங்கு மருத்துவத்தின் முதற்படியாக இருந்தது. மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேதான். ஆதலின், படுவான்கரைச் சிற்றூர் வைத்தியசாலையொன்றிலே ஒரு தாதி குறைந்தால் அக்குறை நகரத்திலே உணரப்படுவதிலும் பன்மடங்காக அங்கு உணரப்படும்.

இரண்டாவதாக, இப்பிரதேசத்தின் குடும்ப அமைப்புக் கருதத்தக்கது. தாய்வழிக் குடிமரபு இங்கு வலுப்பெற்றிருந்தது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். தாய் முதுமையடையும்பொழுது மகளின் அருகிலேயே இருப்பாள். பரியாரியாரும் மருத்துவிச்சியும் வந்து சென்றபின் இரவு முழுதும் கண்விழித்திருந்தவள் பெரும்பாலும் அம்மகளே. எனவே இங்கு மகளொருத்தி தாதியாகிக் கடல்கடந்து செல்லுதல் ஓர் ஊழியர் இடம் மாறுவதோடு முடிந்துவிடுவதில்லை. அது வீட்டின் நடுத்தூண் பெயர்வதற்கு ஒப்பாகும்.

இலங்கையிலே நவீன தாதியத்தின் தொடக்கத்தை நோக்குமிடத்து ஒரு முரண்பாடு புலனாகின்றது. 1886ஆம் ஆண்டிலே கொழும்புப் பொது வைத்தியசாலையில் நோயாளரைப் பேணும் பொருட்டு மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபைக் கன்னியர் ஐரோப்பாவிலிருந்து வந்தனர். அஃதாவது இத்தீவின் நவீன தாதியத்திற்கு வித்திட்டோருள் வெளிநாட்டுத் தாதியரும் அடங்குவர். அவர்கள் வந்த காலத்திலே தாதியரைச் சட்டப்படி பதிவுசெய்யும் முறை இங்கிலாந்திலேயே தோன்றியிருக்கவில்லை. இங்கு 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டம் பதிவுமுறைக்கு அடித்தளமிட்டது. 1939ஆம் ஆண்டிலே கொழும்பில் தாதியர் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பட்டது. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வந்த தாதியின் தகுதி ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளப்பட்டது. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றவளின் தகுதியோ முதலிலிருந்தே சோதனைக்குரியதாயிற்று.

இதற்குச் சிறந்த சான்று பிரித்தானிய வரலாறாகும். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அங்கு தாதியர் பதிவேடு உருவாயிற்று. 1943ஆம் ஆண்டுச் சட்டம் இதன்கீழ் இரண்டாவது நிரலொன்றை அமைத்தது. மூன்றாண்டு பயின்று பதிவேட்டில் இடம்பெற்றோர் எஸ்.ஆர்.என். எனவும், ஈராண்டு பயின்று இரண்டாம் நிரலிற் சேர்ந்தோர் எஸ்.ஈ.என். எனவும் பிற்காலத்தில் அழைக்கப்பட்டனர். 1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் ஆளணிப் பற்றாக்குறை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் குடியேற்ற நாடுகளில் ஆட்சேர்ப்பு முயற்சிகள் ஆரம்பமாயின. கரீபியன் தீவுகள், மலாயா, மொரிசியசு முதலியவற்றிலிருந்தும், புதிதாகச் சுதந்திரம் பெற்ற இலங்கையிலிருந்தும் இளம்பெண்கள் பயிற்சிக்காகக் கப்பலேறினர்.

இவ்வாறு சென்றோரிற் பெருந்தொகையினர், உயர்ந்த பயிற்சிக்குரிய கல்வித் தகைமை இருந்தும், ஈராண்டுப் பயிற்சிக்கே திருப்பிவிடப்பட்டனர் என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். இரு பயிற்சிகளுக்குமிடையிலான வேறுபாடு பலருக்கு விளக்கப்படவுமில்லை. எஸ்.ஈ.என். தகைமை பெற்றவள் அங்கு மேல்நிலைக்கு உயர்தல் அரிது. அவளது சொந்த நாட்டிலோ அத்தகைமை ஏற்றுக்கொள்ளப்படாதிருத்தலும் உண்டு. முன்செல்லவும் பின்திரும்பவும் இயலாத நிலை ஏட்டிலுள்ள ஒரு பிரிவினாலேயே உருவாக்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் எழுந்த தாதியர் கல்விச் சீர்திருத்தமே அவ்விரண்டாம் நிலைப் பயிற்சியை முடிவுக்குக் கொணர்ந்தது. இதற்கிடையில் 1962ஆம், 1971ஆம் ஆண்டுகளின் குடிவரவுச் சட்டங்கள் கதவை ஒடுக்கின. தேவைப்பட்டபொழுது திறந்து, தேவை குறைந்தபொழுது சாத்தப்படும் கதவு அது என்பதை இதனால் உணரலாம்.

இனி, மட்டக்களப்புப் பக்கம் திரும்புவோம். குடியேற்றவாதக் காலத்திலே ஆங்கிலக் கல்வியை அளித்தவை வின்சன்ற் மகளிர் பாடசாலை, புனித சிசிலியா மகளிர் பாடசாலை போன்ற மிசன் பாடசாலைகளே. ஆங்கிலம் கற்ற மிகச் சிலருக்கு மட்டுமே கடல்கடந்த தாதியம் எட்டக்கூடியதாயிருந்தது. இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் பரவியபின் படுவான்கரை உழவனின் மகளும் தாதியர் பயிற்சிக்குத் தகுதி பெறும் வாய்ப்புத் தோன்றியது. இது பெரும் சமூக மாற்றம். ஆனால் இதே மாற்றத்தினால் ஆங்கிலம் பலருக்கு எட்டாக்கனியாயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்தே நாம் மதிப்பிடுதல் வேண்டும். 1983ஆம் ஆண்டின் பின்னரும் 1990ஆம் ஆண்டின் பின்னரும் போர் மக்களைப் பல திசைகளிலும் சிதறடித்தது. 2004 திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. இத்துன்பங்கள் அனைத்திலும் பணியிடத்தை விட்டு நீங்காது நின்ற தாதியர் பெற்ற அனுபவத்தை எந்தப் பரீட்சை அளக்கும் என்பது நியாயமான வினாவாகும்.

இன்று நிலைமை மாறியுள்ளது. மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரி உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகம் தாதியத்திலே பட்டம் வழங்குகின்றது. 1950களிற் பயிற்சி பெறுவதற்காகச் சென்றனர்; இன்று பயிற்சியை முடித்துக்கொண்டு செல்கின்றனர். பிரித்தானியாவிலே பணிபுரிய விரும்பும் தாதி முதலில் ஆங்கில மொழிப் பரீட்சையொன்றிலே சித்தியடைதல் வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். எனப்படும் பரீட்சையாயின் எழுத்துக்கு 6.5 புள்ளியும் ஏனைய மூன்றுக்கும் 7 புள்ளியும் தேவை. அதன்மேல் கணினிவழிப் பரீட்சையும், ஓ.எஸ்.சி.ஈ. எனப்படும் செய்முறைப் பரீட்சையும் உள. இச்செய்முறைப் பரீட்சை பத்து நிலைகளில் நடைபெறும். மதிப்பிடல், திட்டமிடல், செயற்படுத்தல், மீள்மதிப்பீடு என்னும் நான்கும் அவற்றுள் அடங்கும்.

இப்பரீட்சையின் கடினம் கைத்திறனில் மட்டும் இல்லை. நம் தாதி முதிய நோயாளியை ‘அம்மா’, ‘ஐயா’ என உறவுமுறையால் விளித்துப் பழகியவள். அங்கோ தன் பெயரைக் கூறி, எப்பெயரால் அழைக்கலாமெனக் கேட்டு, அடையாளத்தைச் சரிபார்த்து, செய்வதனைத்தையும் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். இங்கு நெரிசல் மிகுந்த விடுதியிலே சொல்லாமற் செய்து பழகிய கைக்கு, அங்கு செய்வதைச் சொல்லாதிருத்தல் குறையாகக் கணிக்கப்படலாம். இவ்விதிகள் நோயாளியின் பாதுகாப்பை நோக்கியவை. அவற்றைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயினும் பதிவு கிட்டும்வரை, பல்லாண்டு அனுபவமுள்ள தாதியும் ஒரு படி தாழ்ந்த பதவியிலும் சம்பளத்திலுமே பணி தொடங்குகிறாள். எஸ்.ஈ.என். காலத்துத் தாழ்நிலை நிரந்தரமானது. இன்றைய தாழ்நிலை தற்காலிகமானது. இவ்வேறுபாடே இடைக்காலத்து வரலாற்றின் பயன் எனலாம்.

முதலாம் வினாவுக்கு விடை இவ்வாறாக, இரண்டாம் வினா எஞ்சுகின்றது. முன்பு பயிற்சிச் செலவைப் பிரித்தானியா ஏற்றது; இன்று அதனை ஏற்பது பெரும்பாலும் இலங்கையின் பொதுமக்களே. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று பணிபுரியலாமெனச் சுற்றறிக்கை வெளியாயிற்று. அந்நியச் செலாவணி வேண்டி அரசே வழிவிட்டபின், சென்றவளை நன்றியற்றவளெனப் பழித்தல் அறமாகாது. செல்வந்த நாடுகள் வறிய நாடுகளின் சுகாதார சேவையைக் குலைக்கும் வகையில் ஆட்சேர்த்தலாகாது என உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுக்கக்கோவை வேண்டுகின்றது. ஆயினும் அது கட்டாயச் சட்டமன்று. எனவே விலையின் ஒரு பகுதியை அனுபவமிக்க தாதியை இழக்கும் சிற்றூர் வைத்தியசாலை செலுத்துகின்றது. மறுபகுதியை மகளின் வீட்டிலே தனித்திருக்கும் தாய் செலுத்துகின்றாள்.

தீர்வு யாது? தாதியரைக் கட்டிவைத்தல் தீர்வாகாது. படுவான்கரை வைத்தியசாலைகளிலே தங்குமிடமும் போக்குவரத்தும் பதவியுயர்வும் உறுதிப்படுத்தப்பட்டால் இருப்பதற்கும் ஒரு காரணம் பிறக்கும். தாதியர் கல்வியிலே தமிழோடு ஆங்கிலமும் செம்மையாகக் கற்பிக்கப்பட்டால் செல்பவள் தாழ்நிலையில் நீண்டகாலம் தங்க நேராது. சென்றவள் திரும்பும்பொழுது அவள் அங்கு பெற்ற அனுபவம் இங்கும் பதவியுயர்வுக்குக் கணிக்கப்படுதல் வேண்டும், இல்லையேல் எஸ்.ஈ.என். தகைமையாளருக்கு நேர்ந்த அநீதியை நாமே நம்மவருக்கு இழைத்தவராவோம். பிறநாட்டுப் பதிவேட்டின் வாயிலை மாற்றும் வலிமை நம்மிடம் இல்லை. நம் பதிவேட்டின் வாயிலோ நம் கையிலேயே உள்ளது.