யாப்பில்லா நிகண்டின் காவல்

நிகண்டு கற்றல் நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் தலையாய பாடமாக இருந்தது. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவில் நடந்தன. மண்டலபுருடரின் சூடாமணி விருத்தத்தில் நடந்தது. செய்யுளாக இருந்தமையால் சொற்பொருள் எளிதில் மனத்தில் நின்றது. அதனோடு மற்றொரு பயனும் விளைந்தது. ஏடெழுதுவோர் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் சீர் சிதைந்தது, எதுகை குன்றியது, கற்றோர் செவியில் பிழை உடனே உறைத்தது. யாப்பே சொல்லுக்குக் காவலாக நின்றது எனலாம். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தபோது அகராதி யாப்பிலிருந்து விடுபட்டது. பின்னர் வந்த அச்சு அக்காவலை ஏற்றுக்கொண்டது. அச்சேறி ஆயிரம் வீடுகளுக்குச் சென்ற பக்கத்தை எவரும் ஓசையின்றித் திருத்திவிட இயலாது.

கணினிக்குள் வாழும் அகராதிக்கு யாப்பும் இல்லை, அச்சும் இல்லை. ஒரு விசையைத் தட்டினால் பொருள் மாறிவிடும். மாறிய தடமும் மறைந்துவிடக்கூடும். அத்தகைய அகராதியை நம்புவது எங்ஙனம்? கணினித் துறைச் சொற்களுக்கென ஆங்கிலத்தில் எழுந்த இரு அகராதிகளின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது. சொல்லையே தொழிலாகக் கொண்ட நம் வட்டத்தார்க்கு அவ்வரலாறு பயன்படும் எனக் கருதியே இம்மலருக்கு இதனை எழுதுகிறேன்.

குழூஉக்குறிக் கோப்பு

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதையும் நம் இலக்கண உரையாசிரியர்கள் குழூஉக்குறி என்றனர். கணினி வல்லுநரிடையேயும் அத்தகைய வழக்குகள் தோன்றின. 1975-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ராஃபேல் ஃபிங்கல் என்பார் அவற்றைத் திரட்டிக் கணினியிலேயே ஒரு கோப்பாக வைத்தார். 1976-இல் மார்க் கிறிஸ்பின் அதன் படியொன்றை எம்.ஐ.டி. நிறுவனத்துக்குக் கொண்டுசென்றார். இரு கூடத்தாரும் சொற்களைச் சேர்த்தனர், திருத்தினர். இதுவே 'ஜார்கன் ஃபைல்' எனப் பெயர்பெற்றது.

1983-இல் கய் ஸ்டீல் முதலியோர் இதனை 'தி ஹேக்கர்ஸ் டிக்ஷனரி' என நூலாக்கினர். நூலாக்கும் பொருட்டுக் கோப்பில் மாற்றம் செய்வதைச் சிறிது காலம் நிறுத்திவைத்தனர். அதே காலத்தில் ஆய்வுக்கூடங்களின் சூழல் மாறியது. அங்கிருந்தோர் பல திசைகளில் பிரிந்தனர். தற்காலிகமாகப் பூட்டிய கோப்பு ஏறக்குறைய 7 ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. அவ்வேழாண்டுகளில் தனியாள் கணினி இல்லங்களுக்குள் நுழைந்தது. நாள்தோறும் புதுச்சொற்கள் பிறந்தன. கோப்போ 1983-லேயே நின்றது. எவரும் பொய் எழுதவில்லை. எனினும் அகராதி நிகழ்காலத்துக்குப் பயன்படாததாயிற்று.

1990-இல் எரிக் ரேமண்ட் பொறுப்பேற்றுக் கோப்பை விரித்தார். 1991-இல் அது புதிய பதிப்பாக நூலுருப் பெற்றது. உயிர் திரும்பியது, உடன் பூசலும் வந்தது. பழைய கூடங்களின் வழக்கு மங்கிவிட்டது என்றும், பதிப்பாசிரியரின் சொந்தக் கருத்துகள் பொருள்விளக்கத்தினுள் கலந்துவிட்டன என்றும் குறை கூறப்பட்டது. தீண்டாமல் விட்டால் அகராதி தேங்குகிறது. ஒருவர் விருப்பம்போல் தீண்டினால் ஐயத்துக்கு இடமாகிறது. 2003-இல் வெளிவந்த 4.4.7 என்னும் பதிப்புக்குப் பின் அக்கோப்பும் பழஞ்சொல் களஞ்சியமாக நிலைத்துவிட்டது.

ஒரு பூச்சியின் கதை

அக்கோப்பில் உள்ள ஒரு பதிவு தனிச்சிறப்புடையது. நிரலில் நேரும் பிழையை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்பர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' என்னும் கணிப்பொறியின் மின்னிணைப்பொன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அதிலிருந்தே இப்பெயர் பிறந்தது என ஒரு கதை வழங்குகிறது. கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இதனைப் பல மேடைகளில் சுவைபடக் கூறிவந்தார்.

கதையில் பாதி மெய். குறிப்பேடு இன்றும் உள்ளது. ஆயின் அதில் உள்ள நாள் 1947 செப்டம்பர் 9. பலரும் எழுதிவந்த 1945 அன்று. மேலும், பொறியின் கோளாற்றைப் பூச்சி என அழைக்கும் வழக்கு அதற்கு முன்பே இருந்தது. 1878-இல் தாமஸ் எடிசன் எழுதிய கடிதத்திலேயே அச்சொல் இப்பொருளில் வருகிறது. உண்மையான பூச்சியே அகப்பட்டதே என்னும் நகைப்பில்தான் அன்று அதனை ஒட்டிவைத்தனர்.

அப்பூச்சி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பதாகவும் ஒரு செய்தி உலவியது. 1990-இன் இறுதியில் கோப்பின் ஆசிரியர் நேரில் விசாரித்தபோது அது அங்கில்லை எனத் தெரிந்தது. கடற்படை ஆய்வு நிலையம் ஒன்றில் இருந்த அது, அவ்விசாரணையின் பயனாக 1991-இல் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. இத்தனையையும் அப்பதிவிலேயே எழுதி வைத்தார்கள். முன்பு சொன்னது யாது, ஆராய்ந்தபின் கண்டது யாது என இரண்டையும் வாசகர்முன் வைக்கும் அந்நேர்மையே நம்பிக்கையின் வித்து என்பேன்.

தேதியிட்ட சொல்

இரண்டாவது அகராதி இங்கிலாந்தில் பிறந்தது. 1985-இல் டெனிஸ் ஹோவ் என்பார் தொடங்கிய இதன் பெயர் 'ஃபோல்டாக்'. 'கட்டணமற்ற இணையவழிக் கணினியியல் அகராதி' எனத் தமிழில் கூறலாம். வைய விரிவலை பொதுமக்களிடம் வருமுன்பே தொடங்கிய இப்பணிக்கு லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணினி இடமளித்தது. சொற்களையும் திருத்தங்களையும் எவரும் அனுப்பலாம். அவற்றை ஆராய்ந்து ஏற்கும் பொறுப்பு ஆசிரியருடையது. குழூஉக்குறிக் கோப்பிலிருந்து பெற்ற பதிவுகளுக்கு அக்கோப்பின் பெயர் குறிக்கப்பட்டது. பல பதிவுகளின் அடியில், கடைசியாகத் திருத்திய நாளும் இடப்பட்டது.

இந்தத் தேதி சிறு செய்தியாகத் தோன்றலாம். அதன் அருமையை ஒரு சான்றால் விளக்குவேன். 1956-இல் வெர்னர் புக்ஹோல்ட்ஸ் 'பைட்' என்னும் சொல்லை ஆக்கியபோது, 'பிட்' என்பதோடு மயங்காதிருக்க அதன் எழுத்தை வேண்டுமென்றே மாற்றினார். அன்று அது 8 பிட்டுகளையே குறிக்கும் என்ற வரையறை இல்லை; அவ்வரையறை பின்னர் நிலைபெற்றது. அதுபோலவே 'கிலோபைட்' என்பதைக் கணினியாளர் நெடுங்காலம் 1024 பைட்டுகள் எனக் கொண்டனர். 1998 டிசம்பரில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024-க்குக் 'கிபிபைட்' என்னும் புதுப்பெயரை வகுத்து, 'கிலோ' 1000-ஐயே குறிக்க வேண்டும் என்றது. அதற்கு முதல்நாள் வரை குறையற்றிருந்த ஒரு பதிவு, எவரும் தொடாமலேயே குறையுடையதாயிற்று. தேதி இருப்பின் வாசகர் தெளிவர், இல்லையெனில் மயங்குவர்.

தன் பதிவுகளைப் பிறர் எடுத்தாள இவ்வகராதி கட்டற்ற உரிமம் வழங்கியது. விக்கிப்பீடியாவின் கணினிக் கட்டுரைகள் பல இதிலிருந்தே முளைத்தன. அக்கட்டுரைகளின் அடியில் நன்றிக்குறிப்பை இன்றும் காணலாம். ஆயினும் 2015-இல், கல்லூரியின் கணினித் துறை ஆதரவு இனி இல்லை என்னும் அறிவிப்பு அதன் பக்கத்தில் தோன்றியது. முப்பதாண்டுப் பணி ஓர் இடத்தின் தயவில் நின்றிருந்தது என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர். காப்பவரும் இடமும் நிலையாத உலகில், தாராளமாகப் படியெடுக்க விட்டதே அதற்குக் காப்பாயிற்று.

நம் கடமை

நம் மொழியிலும் 'கணிப்பொறி', 'கணினி', 'கணனி' என ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் உலவின. சில இன்றும் உலவுகின்றன. யார், எப்போது, எங்கே முதலில் ஆண்டார் என்பதை உடனுக்குடன் குறித்திருந்தால் இன்றைய வழக்காடல்களில் பாதி எழுந்திரா. 2004 முதல் இயங்கும் தமிழ் விக்சனரியில் ஒவ்வொரு திருத்தமும் நாளோடு வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. அத்தடத்தைப் படித்துப் பார்க்கும் கண்கள்தாம் போதவில்லை.

நம் வட்டத்துக் கவிஞர்கள் இப்பத்தாண்டுகளில் புதுச்சொற்கள் பலவற்றை ஆண்டுள்ளனர். ஒவ்வொன்றையும் ஆண்டவர் பெயர், நாள், கொண்ட பொருள் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டுகிறேன். தவறு கண்டால் அடித்து மறைக்காது, அருகிலேயே திருத்தமும் நாளும் எழுதுவோம். அதன் படிகள் பல கைகளில் இருக்கட்டும். யாப்பு செய்த காவலை இனி நாமே செய்தல் வேண்டும்.