பையில் இல்லாத பணம்

1051ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், பாஸ்ரா நகரின் குளியல் கூடம் ஒன்றின் வாசலில் சகோதரர்கள் இருவர் வந்து நின்றார்கள். அரேபியப் பாலையைக் கடந்து வந்தவர்கள். மூன்று மாதமாகத் தலைமுடி களையவில்லை. உடம்பில் உடை என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. புத்தகங்கள் வைத்திருந்த சிறு பையை விற்று, கிடைத்த சில திர்ஹம்களைக் காகிதத்தில் மடித்துக் கூடத்துக்காரனிடம் நீட்டினார்கள். அவன் இவர்களைப் பைத்தியங்கள் என்று எண்ணி விரட்டினான். வெளியே தெருப்பிள்ளைகள் கல்லெறிந்தார்கள்.

அந்த இருவரில் ஒருவர் பாரசீகக் கவிஞர் நாசிர் குஸ்ரோ. மெர்வ் நகரில் செல்ஜூக் அரசின் வருவாய்த்துறையில் பணியாற்றி, 1046இல் அதைத் துறந்து மெக்காவுக்கும் கெய்ரோவுக்கும் புறப்பட்டவர். ஏழாண்டுப் பயணத்தை ‘சஃபர்நாமா’ என்ற நூலாக எழுதிவைத்தார். பயண நூல்களில் நகரங்களும் மசூதிகளும் சந்தைகளும் நிறைய வரும். எழுதியவரின் பை காலியான கதை அபூர்வமாகவே வரும். நாசிர் அதை மறைக்கவில்லை.

பாஸ்ராவுக்கு முன்பே ஒருமுறை அவர் கை வறண்டிருக்கிறது. செங்கடல் ஓரத்து ஐதாப் துறைமுகம். ஜித்தாவுக்குக் கப்பல் கிடைக்காமல் மூன்று மாதம் காத்திருந்ததில் இருந்ததெல்லாம் செலவாகிவிட்டது. ஆனால் அவரிடம் ஒரு கடிதம் இருந்தது. நைல் கரையில் அஸ்வான் நகரில் அவருக்கு நண்பரான முகமது இப்னு ஃபலீஜ் என்பவர், ஐதாபில் இருந்த தம்முடைய முகவருக்கு எழுதிக்கொடுத்தது. நாசிர் கேட்பதைக் கொடு, ரசீது வாங்கிக்கொள், கணக்கை என்னிடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். எவ்வளவு என்று தொகை குறிப்பிடப்படவில்லை. முகவர் அன்போடு வரவேற்று என்ன வேண்டும் என்று கேட்டார். நாசிர் நூறு மன் மாவு மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது எழுதித் தந்தார். தான் அயோக்கியனாக இருந்திருந்தால் எவ்வளவோ சுருட்டியிருக்கலாமே என்று அவரே வியந்து எழுதுகிறார்.

இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. ஐதாபிலும் பாஸ்ராவிலும் ஆள் ஒருவர்தான், பையின் வறுமையும் ஒன்றுதான். ஐதாபில் அவரைத் தெரிந்தவரைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பாஸ்ராவில் தொடக்கத்தில் அப்படி யாரும் இல்லை. ஆக, தூரதேசத்தில் பயணிக்குக் கிடைக்கும் பணம் உண்மையில் அவன் ஊரிலிருந்து வருவதில்லை. அவனைப் பற்றிய ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்லை நம்புகிறவர் தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். வெளியூரில் பணம் பெறுவதன் வரலாறு முழுவதும் அந்தச் சொல்லை எப்படி அனுப்புவது, எப்படி நம்பவைப்பது என்பதன் வரலாறுதான்.

*

வணிகர்கள் இதை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். அரபு உலகில் ‘சுஃப்தஜா’ என்ற ஓலை வழங்கியது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி, வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ள உதவும் சீட்டு. சஹாராவின் தென்விளிம்பில் இருந்த அவ்தகுஸ்த் நகரில், சிஜில்மாசா வணிகர் ஒருவருக்குச் சேரவேண்டிய 42,000 தினாருக்கான கடன்சீட்டைக் கண்டதாகப் பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் எழுதுகிறார். நம்மூரில் அதற்கு உண்டியல் என்று பெயர். செட்டிநாட்டு நகரத்தார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் இடையே பணத்தை உண்டியல் மூலமே நகர்த்தினார்கள். கோயிலில் காணிக்கை போடும் பெட்டிக்கும் கடல்கடந்து பணம் தரும் சீட்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை எண்ணிப்பார்க்கலாம். இரண்டிலும் நாம் போடுவதை வாங்கிக்கொள்கிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் இவையெல்லாம் உறவும் இனமும் தொழிலும் பிணைத்த வட்டத்துக்குள் செல்லுபடியானவை. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் வெறும் பயணிக்கு வழி காட்டியவர் ராபர்ட் ஹெரிஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கியாளர். 1772இல் அவருடைய லண்டன் நிறுவனம், ஐரோப்பாவின் 90 நகரங்களில் மாற்றிக்கொள்ளத்தக்க சுற்றுச்சீட்டுகளை வெளியிட்டது. சுற்றுச்சீட்டு முறையில் தாள்கள் இரண்டு. ஒன்று சீட்டு. மற்றொன்று பயணியின் கையொப்ப மாதிரி அடங்கிய அடையாளக் கடிதம். இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சீட்டை மட்டும் திருடியவன் ஏமாந்துபோவான். 1874இல் தாமஸ் குக் நிறுவனமும் இத்தகைய சீட்டுகளை விற்கத் தொடங்கியது. 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் மார்செல்லஸ் பெர்ரி இரண்டு தாள்களையும் ஒன்றாக்கினார். வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது இன்னொன்று. இரண்டும் ஒத்திருந்தால் போதும். பயணி யார், எவர் மகன் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. பயணக் காசோலை பிறந்தது அப்படித்தான். பெருநகரங்களை விட்டு விலகினால் தம்முடைய வங்கிக் கடிதத்தை எவரும் மதிக்கவில்லை என்று அந்நிறுவனத் தலைவர் ஃபார்கோ ஐரோப்பாவிலிருந்து எரிச்சலோடு திரும்பியதே அதற்குத் தூண்டுதல் என்பார்கள்.

*

இது நடந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, நமக்கு நன்கு தெரிந்த ஒருவர் அமெரிக்காவில் கைப்பணம் கரையக் கரையக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். 1893 மே 31இல் பம்பாயில் கப்பலேறிய விவேகானந்தர் ஜூலை இறுதியில் சிகாகோ சேர்ந்தார். சர்வமத சபை செப்டம்பரில்தான் என்பது அங்கே போன பிறகே தெரிந்தது. தக்க சான்றுக் கடிதம் இல்லாதவருக்குச் சபையில் இடமில்லை என்பதும் தெரிந்தது. சிகாகோவைவிடச் செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் போனார். ஆகஸ்ட் 20ஆம் தேதி மாசசூசெட்ஸிலிருந்து சென்னையில் இருந்த சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு வருகிறது. கொடுத்தனுப்பியது நோட்டாக 170 பவுண்டு, ரொக்கமாக 9 பவுண்டு. இப்போது மிச்சம் 130. நாளொன்றுக்குச் சராசரி ஒரு பவுண்டு செலவாகிறது. ஒரு சுருட்டுக்கு நம் கணக்கில் எட்டணா. உடையைப் பார்த்துத் தெருவில் கூச்சலிடுகிறார்கள் என்றும் எழுதுகிறார். பாஸ்ராவின் பிள்ளைகள் நினைவுக்கு வராமல் இல்லை.

அளசிங்கர் செல்வந்தர் அல்லர். பள்ளிக்கூட ஆசிரியர். அந்தப் பயணத்துக்கான பணத்தில் ஒரு பகுதியைச் சென்னையில் வீடுவீடாகக் கையேந்திச் சேர்த்தவர் அவர். அதே மனிதரிடம்தான் கடல் கடந்து மறுபடியும் கேட்கவேண்டியிருந்தது. கேட்பதில் இருந்த கூச்சம் பின்னர் வெளிப்படுகிறது. நவம்பர் 2ஆம் தேதிக் கடிதத்தில், ஒரு கணத் தளர்ச்சியில் உங்களுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்துவிட்டேனே என்று வருந்துகிறார். இடையில் சபை நடந்துவிட்டது. உலகம் அவரை அறிந்துவிட்டது. சென்னையின் பணத்துக்கு அவசரம் இல்லாமல் போய்விட்டது.

அந்த இடைவெளியில் நடந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியம். ஹார்வர்டில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அவரோடு சில நாள் பேசியிருந்துவிட்டுச் சபைக்குழுவுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொடுத்தார். சிகாகோ திரும்பியபோது குழுவின் முகவரி தொலைந்திருந்தது. ஓர் இரவை ரயில் நிலையச் சரக்குப் பெட்டியில் கழித்தார். மறுநாள் வீடுகளில் வழி கேட்டு அவமானப்பட்டுத் தெருவோரம் அமர்ந்திருந்தவரைத் திருமதி ஹேல் என்ற பெண்மணி கண்டு உள்ளே அழைத்தார். வங்கி நோட்டும் தந்தியும் வந்துவிட்ட காலத்திலும், முன்பின் அறியாத ஊரில் ஒருவரைக் காப்பாற்றியது ஒரு கடிதமும் திறந்த ஒரு கதவும்தான். இப்னு ஃபலீஜின் கடிதத்துக்கும் ரைட்டின் கடிதத்துக்கும் நடுவே எட்டரை நூற்றாண்டு இருக்கிறது. வேலை ஒன்றே.

*

முன்பின் அறியாதவர் தாளை நம்பும் இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பதை 1914 ஆகஸ்ட் காட்டியது. போர் மூண்டதும் ஐரோப்பாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். வங்கிகள் மூடிக்கொண்டன, விடுதிகள் காசோலையை வாங்க மறுத்தன. வசதி படைத்தவர்கள் கையில் தாள் இருக்கச் சாப்பாட்டுக்கு அலைந்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் 25 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஆகஸ்ட் 6ஆம் தேதி டென்னசி என்ற போர்க்கப்பல் தங்கத்தை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. சொல் செல்லாதுபோனால் தங்கமே நேரில் கடல் கடக்கவேண்டும். ஆனால் அதே வாரங்களில் லண்டனில் ஹெர்பர்ட் ஹூவர் என்ற சுரங்கப் பொறியாளர், நண்பர்களோடு சேர்ந்து, நிற்பவர் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். மிகச் சிறு பகுதி தவிர எல்லாம் திரும்பி வந்தது. பின்னாளில் அவர் அமெரிக்க அதிபரானார்.

நம் நாட்டின் அனுபவம் வேறுவகை. 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் வெளிநாடு சென்ற இந்தியர் பலர் எட்டு டாலரோடு விமானம் ஏறினார்கள். வீட்டில் பணம் இருந்தாலும் அனுப்ப முடியாது. அந்நியச் செலாவணி அவ்வளவு அரிது, சட்டம் அவ்வளவு கடிது. அந்தத் தலைமுறைக்கு உதவியது உறவினரின் உறவினர் முகவரி எழுதிய ஒரு துண்டுத்தாள். நாசிரின் காலத்துக்கே திரும்பியது போல. 2000 ஜூனில் பழைய சட்டம் விலகிப் புதியது நடைமுறைக்கு வந்தது. 2004இல் தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி வழிசெய்தது. 2015 முதல் அந்த வரம்பு 2,50,000 டாலர்.

இன்று அட்டையைச் சொருகினால் எந்த ஊரிலும் எந்திரம் பணம் தருகிறது. அதுவும் நம்மைப் பற்றி யாரோ சொல்லும் சொல்லை நம்பித்தான் தருகிறது. சொல்பவருக்கு நம் முகம் தெரியாது என்பதுதான் வேறுபாடு. அட்டை முடங்கிய இரவில், அயலூர் வீதியில் நிற்கும்போதுதான் நாம் எந்த வாசலில் நிற்கிறோம் என்பது புரியும்.

நாசிரின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. பாஸ்ராவில் கடைசியில் ஒரு பாரசீகக் கல்விமான் கிடைத்தார். அவர் மூலம் அப்போது அங்கிருந்த அமைச்சர் ஒருவருக்கு நாசிர் கடிதம் எழுதினார். அதைப் படித்ததுமே எழுதியவரின் தகுதி விளங்கிவிட்டது. உடை வாங்க 30 தினார் வந்தது. சில நாள் கழித்து அதே குளியல் கூடத்துக்குப் போனபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். கல்லெறிந்த நாளில் இருந்த அதே மனிதர்தான் அன்றும் உள்ளே நுழைந்தார்.